101 பயணங்கள், 124 நிமிடங்கள்

ஒஸ்லோ நகரின் கிழக்கு ஓரத்தில், லோரன்ஸ்கூக் நகராட்சியின் எல்லையை ஒட்டி இருக்கிறது எல்லிங்ஸ்ருட். 1981இல் பாறையைக் குடைந்து திறந்த எல்லிங்ஸ்ருடோசன் நிலையம் டி-பானே ரயிலின் 2ஆம் தடத்துக்குக் கிழக்கு முனை. அங்கிருந்து நகர மையமான யேர்ன்பானெதொர்கே வரை 12 நிறுத்தங்கள், சுமார் 20 நிமிடம். மேடையில் காத்து நிற்கும் 2 நிமிடத்தையும் கூட்டினால் 22. தொலைக்காட்சி அனிமேத் தொடர் ஒன்றின் ஒரு பகுதியும், தொடக்கப் பாடலையும் முடிவுப் பாடலையும் கழித்தால், ஏறத்தாழ 22 நிமிடம்தான். என் அக்காவின் மகன் தினமும் இந்தத் தடத்தில் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று கைபேசியில் 'ஸ்லாம் டங்க்' பார்க்கிறான். இந்தக் கட்டுரையின் அளவுகோல் அவனிடமிருந்து கிடைத்தது: 1 பயணம் = 1 பகுதி; 2 பயணம் = 1 வேலைநாள்.

இந்த அளவுகோலில் 'ஸ்லாம் டங்க்' தொடரின் 101 பகுதிகள் (1993–1996) 50.5 வேலைநாள். 'கேட்ச்சமேன்' தொடரின் 105 பகுதிகள் (1972–1974) 52.5 வேலைநாள். 'செயின்ட் செய்யா'வின் 114 பகுதிகளுக்கு (1986–1989) 57 வேலைநாள். 'கேப்டன் ஹார்லொக்' 42 பகுதிகளோடு (1978–1979) 21 நாளில் முடிந்துவிடும். எல்லாவற்றிலும் மூத்த 'ஆஸ்ட்ரோ பாய்' 193 பகுதிகள் (1963–1966): 96.5 வேலைநாள், விடுமுறைகளைக் கழித்தால் ஒஸ்லோவில் கிட்டத்தட்ட ஐந்து மாதம். இந்த ஐந்தில் நான்கு கணினி வரைகலைப் படமாகத் திரைக்கு வந்தன. ஒன்று வரவில்லை. ரசிகர் படத்துக்குச் சீட்டு வாங்குவதற்கு முன்பே செலவிட்ட நேரம் இவ்வளவு. எதிர்பார்ப்பு என்ற சொல்லுக்கு அலகு வேண்டுமென்றால் டாலரைவிட நிமிடமே பொருத்தமானது என்று எனக்குத் தோன்றுகிறது. கீழே வருவது அந்த இரண்டு அலகுகளிலும் எழுதிப் பார்த்த கணக்கு.

முதலில் 5,50,000 யென். ஒசாமு தெசுகா 'ஆஸ்ட்ரோ பாய்' தொடரின் ஒரு பகுதியை 1963இல் தொலைக்காட்சி நிறுவனத்துக்கு விற்றதாகப் பல வரலாற்று நூல்களில் காணப்படும் விலை இது. விளம்பர முகமை தந்த கூடுதல் தொகையைச் சேர்த்தால் 15,50,000 யென் என்று திருத்திச் சொல்பவர்களும் உண்டு. குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். 193 பகுதிகளுக்கு 10.6 கோடி யென். அன்றைய நிலையான மாற்று விகிதம் 1 டாலருக்கு 360 யென் என்பதால், 2.95 லட்சம் டாலர். அதே தொடரை வைத்து ஹொங்கொங்கின் இமாஜி நிறுவனம் 2009இல் வெளியிட்ட கணினி வரைகலைப் படத்தின் செலவு 6.5 கோடி டாலர், நீளம் 94 நிமிடம். நிமிடத்துக்கு 6.91 லட்சம் டாலர். 1963இன் 193 பகுதிகளும் 2009 படத்தின் 25.6 விநாடிக்குச் சமம்.

இந்த ஒப்பீடு நியாயமில்லை என்று வாசகர் சொல்வார், சரிதான். 1963க்கும் 2009க்கும் இடையே அமெரிக்க விலைவாசி ஏறக்குறைய 7 மடங்கு உயர்ந்தது. அதைச் சேர்த்தால் 25.6 விநாடி 179 விநாடியாகும், அதாவது 3 நிமிடம். 15,50,000 யென் என்ற கணக்கை ஏற்றால் 8.4 நிமிடம். எப்படிப் பார்த்தாலும் 94 நிமிடத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட அது தொடவில்லை.

அந்த மலிவு எப்படிச் சாத்தியமானது என்பதற்கும் ஓர் எண் உண்டு: 3. திரையில் விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். தெசுகாவின் குழு ஒரே ஓவியத்தை 3 சட்டகங்களுக்கு நிறுத்தியது. விநாடிக்கு 24 ஓவியம் 8 ஆனது. பேசும்போது வாய் மட்டும் அசைந்தது, ஓடும்போது பின்னணி நகர்ந்தது, ஒரு முறை வரைந்தது பல பகுதிகளில் திரும்பத் திரும்ப வந்தது. இப்படிச் சிக்கனம் பிடித்த தொடர்தான் 1964 ஜனவரியில் 40.3 சதவீதப் பார்வையாளர் அளவைத் தொட்டது. அசையாமல் நின்ற 16 சட்டகங்களையும் பார்ப்பவரின் மனம் நிரப்பிக்கொண்டது என்று சொல்லலாம். நிரூபிக்க என்னிடம் எண் இல்லை. கணினியில் இந்தக் கணக்கு தலைகீழ். 94 நிமிடத்துக்கு 1,35,360 சட்டகங்கள். பாத்திரம் அசைந்தாலும் அசையாவிட்டாலும் ஒளி, நிழல், தோல், துணி எல்லாவற்றையும் இயந்திரம் சட்டகம் சட்டகமாகக் கணக்கிட்டாக வேண்டும். ரசிகர் மனத்தில் நிரப்பி வைத்திருந்த இடமெல்லாம் இப்போது வேறொருவரால் நிரப்பப்படுகிறது. "பொம்மை மாதிரி இருக்கு" என்ற புகார் பிறக்கும் இடம் இதுவாக இருக்கலாம்.

நிமிடத்துக்கு 6.91 லட்சம் டாலர் என்பது அந்தத் துறையில் பெரிய தொகையும் அல்ல. அதே 2009இல் வந்த பிக்ஸாரின் 'அப்' 17.5 கோடி டாலரில் 96 நிமிடம்: நிமிடத்துக்கு 18.2 லட்சம். 'ஆஸ்ட்ரோ பாய்' அதில் 38 சதவீதம். ஜப்பானியப் படங்கள் இன்னும் கீழே. தோயி நிறுவனம் அதுவரை செய்ததிலேயே மிகப் பெரிய முதலீடு என்று பேசப்பட்ட 'ஹார்லொக்' (2013) சுமார் 3 கோடி டாலர், 115 நிமிடம்: நிமிடத்துக்கு 2.61 லட்சம். 'ஸ்டாண்ட் பை மீ டோரேமான்' (2014), வெளியே சொல்லப்பட்ட 3.5 கோடி டாலருக்கு 95 நிமிடம்: 3.68 லட்சம். நம் பக்கத்து வரவு ஒன்றையும் இங்கே எழுதலாம். 2014 மே 23இல் வந்த 'கோச்சடையான்' அனிமே அல்ல. ஆனால் நேசித்த ஒருவரைக் கணினி உருவில் பார்க்கப் போன கூட்டத்தின் கணக்கு அதிலும் இருக்கிறது. செய்தித்தாள்கள் எழுதிய 125 கோடி ரூபாயை 2 மணி நேரத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 1.04 கோடி ரூபாய். அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 1.76 லட்சம் டாலர். 'ஆஸ்ட்ரோ பாய்' படத்தின் நான்கில் ஒரு பங்கு. 'கோச்சடையான்' வந்து 29 நாளில் 'செயின்ட் செய்யா', 77 நாளில் 'டோரேமான்'. ஒரே கோடையில் மூன்று பெரிய நினைவுகள் கணினிக்குள் போயின.

பணத்தின் வரிசையும் வெற்றியின் வரிசையும் ஒன்றாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. இந்த ஜப்பானியத் தொடர்களில் நிமிடத்துக்கு மிக அதிகம் செலவழித்த 'ஆஸ்ட்ரோ பாய்' அமெரிக்காவில் 3,014 திரையரங்குகளில் வெளியாகி முதல் 3 நாளில் 67 லட்சம் டாலர் எடுத்தது. ஓர் அரங்குக்கு 2,224 டாலர். அந்த ஆண்டின் சராசரிச் சீட்டு விலை 7.50 டாலர் என்பதால், ஓர் அரங்குக்கு ஒரு நாளைக்கு 99 பேர். நாளுக்கு 4 காட்சி என்றால் காட்சிக்கு 25 பேர். கடைசிவரை அமெரிக்க வசூல் 1.96 கோடி டாலர். உலக வசூல் 4 கோடி டாலரை ஒட்டி நின்றது. திரையரங்குகளின் பங்காகப் பாதியைக் கழித்தால் மீதி 2 கோடி. 6.5 கோடிச் செலவில் 4.5 கோடி, விளம்பரச் செலவைச் சேர்க்காமலே, திரும்பவில்லை.

இமாஜியின் முந்தைய படத்தோடு ஒப்பிட்டால் அடி எவ்வளவு பலம் என்பது தெரியும். 2007இல் வந்த நிஞ்ஜா ஆமைகள் படம் 3.4 கோடி டாலரில் எடுக்கப்பட்டு 9.5 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது: 2.8 மடங்கு. இரண்டே ஆண்டில் செலவு 91 சதவீதம் ஏறியது. வசூல்–செலவு விகிதம் 0.6 ஆக இறங்கியது. 2010 தொடக்கத்தில் நிறுவனம் தன் அமெரிக்கக் கலைக்கூடத்தை மூடியது. 2011இல் 'கேட்ச்சமேன்' கைவிடப்பட்டது. 105 பகுதிகளின் ரசிகர்களுக்குக் கிடைத்தவை முன்னோட்டத் துண்டுகள் மட்டும். மேலே சொன்ன ஐந்தில் வராத ஒன்று இதுதான்.

வயது ஒரு காரணமா? 1963இல் 8 வயதாக இருந்த குழந்தைக்கு 2009இல் 54. அமெரிக்கக் குழந்தை பார்த்ததும் 193இல் 104 பகுதிகளைத்தான், 54 சதவீதம். இடையில் ஜப்பானில் 1980இல் 52 பகுதிகளும் 2003இல் 50 பகுதிகளும் புதிதாக எடுக்கப்பட்டன. அவை பழைய ரசிகரைப் புதுப்பித்தனவா, பிரித்தனவா என்பதைக் கணக்கால் சொல்ல முடியாது. ஆனால் அதே இலையுதிர்காலத்தில், 'ஆஸ்ட்ரோ பாய்' படத்தின் அமெரிக்க வெளியீட்டுக்கு 44 நாள் முன்னதாக, ஜெர்மனியில் நடந்ததைப் பார்க்க வேண்டும். சுவீடன் எழுத்தாளர் ரூனர் யோன்சனின் வைக்கிங் சிறுவன் 'விக்கி'யை ஜப்பானியர் 78 பகுதிகளில் (1974–1975) அனிமேயாக்கினார்கள். 2009 செப்டம்பர் 9இல் அது நடிகர்களை வைத்து எடுத்த படமாக வந்தது. ஜெர்மனியில் மட்டும் 48 லட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள். 8.2 கோடி மக்கள்தொகையில் 5.9 சதவீதம். 1974இன் 8 வயதுக்காரருக்கு அப்போது 43; கையில் ஒரு பிள்ளை. 2013இல் அதே 'விக்கி' கணினி வரைகலைத் தொடராக மறுபடி 78 பகுதிகள் வந்தது. ஒரு பகுதி 12 நிமிடம்தான். எண்ணிக்கையைக் காப்பாற்றி நேரத்தைப் பாதியாக்கியது எனக்குச் சின்ன ஏமாற்றுப் போலத் தெரிகிறது. குழந்தைகள் கவனித்திருக்க மாட்டார்கள்.

43 வயது என்ற எண் மட்டும் போதாது என்பதற்கு 'ஹார்லொக்' சாட்சி. 1978இல் 8 வயது, 2013இல் 43. அதே வயது. 42 பகுதிகளில் சொன்ன கதையை விட்டு, புதிய கதை ஒன்றை எழுதி 115 நிமிடத்தில் வைத்தார்கள். வெனிஸ் திரைப்பட விழாவில் போட்டிக்கு வெளியே திரையிடப்பட்டது. தொடரை 1979இலிருந்து பார்த்த இத்தாலியில் 2014 ஜனவரி 1இல் வெளியாகி 50 லட்சம் யூரோவை ஒட்டி எடுத்தது. ஏறத்தாழ 68 லட்சம் டாலர். ஜப்பானின் பாதி மக்கள்தொகையே உள்ள ஒரே நாட்டிலிருந்து செலவில் 23 சதவீதத்துக்கு இணையான சீட்டு வசூல். இருந்தும் மொத்தம் முதலீட்டை எட்டவில்லை.

எனவே இன்னொரு எண்ணைத் தேட வேண்டியிருக்கிறது. நான் அதிகம் நம்புவது இது: மூலத்தின் எத்தனை நிமிடம் படத்தின் ஒரு நிமிடமாகியது?

'செயின்ட் செய்யா'வில் புனிதத்தலக் கதை 73 பகுதிகள், 1,606 நிமிடம். 2014 படம் 93 நிமிடம். 17.3 நிமிடம் 1 நிமிடமாகச் சுருங்கியது, மூலத்தில் 5.8 சதவீதம். கதையின் உயிர் 12 தங்க வீரர்களின் 12 மாளிகைகள். தொலைக்காட்சியில் அவற்றுக்கு 30க்கு மேற்பட்ட பகுதிகள் கிடைத்தன. மாளிகைக்குச் சராசரியாகக் குறைந்தது 55 நிமிடம். படத்தின் முழு நேரத்தையும் மாளிகைகளுக்கே கொடுத்தாலும் ஒன்றுக்கு 7.75 நிமிடம்தான். 12 பேரில் ஒருவரைப் பெண்ணாக மாற்றியதைப் பற்றி ரசிகர்கள் வாதாடினார்கள். எனக்கென்னவோ, 55 நிமிடம் 7.75 ஆனதைப் பற்றித்தான் வாதாடியிருக்க வேண்டும்.

'டோரேமான்' கணக்கு இதற்கு எதிர்த்திசை. மூலச் சித்திரக்கதையிலிருந்து எடுத்தது 7 சிறுகதைகள். 95 நிமிடத்தை 7ஆல் வகுத்தால் கதைக்கு 13.6 நிமிடம். 1979இல் தொலைக்காட்சியில் தொடங்கியபோது அது நாளொன்றுக்கு 10 நிமிட நிகழ்ச்சி. ஆகவே சுருக்கம் இல்லை. குறைந்தது 36 சதவீதம் விரிவு. ஜப்பானில் 838 கோடி யென். மறு ஆண்டு மே 28இல் சீனாவில் வெளியாகி 53 கோடி யுவான். அப்போதைய மாற்று விகிதத்தில் இரண்டும் சேர்ந்து சுமார் 16.5 கோடி டாலர். சொல்லப்பட்ட செலவில் 4.7 மடங்கு. தொடர் 1979இலிருந்து நின்றதே இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. அதன் பார்வையாளருக்கு 8 வயதும் உண்டு, 43 வயதும் உண்டு.

இந்த அளவின் கடைசி எல்லையில் 'தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்' நிற்கிறது. எடுத்துக்கொண்டது ஒரே ஓர் ஆட்டம்: ஷோஹொகு பள்ளிக்கும் சன்னோ பள்ளிக்கும் நடந்தது. கூடைப்பந்து விதிப்படி ஆட்டநேரம் 40 நிமிடம்; படம் 124 நிமிடம். ஆட்டத்தின் 1 நிமிடத்துக்குப் படத்தில் 3.1 நிமிடம். சித்திரக்கதையின் 31 தொகுதிகளில் இந்த ஆட்டம் கடைசித் தொகுதிகளில் வருகிறது. தொலைக்காட்சித் தொடர் அதை எட்டாமலே 1996 மார்ச் 23இல் நின்றுவிட்டது. படம் வந்தது 2022 டிசம்பர் 3. 26 ஆண்டு 8 மாதம் ரசிகர்கள் பார்க்காத ஓர் ஆட்டத்துக்காகக் காத்திருந்தார்கள். இங்கே மூல நிமிடம் பூச்சியம். அதனால் சுருக்க விகிதத்தைக் கணக்கிடவே வழியில்லை.

அந்தப் படத்தின் எதிர்பார்ப்பு தொடக்கத்தில் சாதகமாக இருக்கவில்லை. வெளியீட்டுக்கு 29 நாள் இருக்கும்போது, முன்பதிவுச் சீட்டுகள் விற்பனைக்கு வந்த பிறகு, புதிய குரல் நடிகர்களை அறிவித்தார்கள். ஷோஹொகுவின் 5 ஆட்டக்காரர்களில் 5 பேருக்கும் குரல் மாறியிருந்தது; 100 சதவீதம். 101 பகுதிகள் கேட்டுப் பழகிய காதுகள் கோபப்பட்டன. முன்னோட்டத்தில் கணினி உருவங்களைக் கண்டு கண்களும் கோபப்பட்டன. படத்தை எழுதி இயக்கியவர் சித்திரக்கதையை வரைந்த தாகெஹிகோ இனோயுவே. தொடரின் நாயகன் சகுராகியை ஓரமாக நகர்த்தி, மியாகி ரியோதாவைக் கதையின் நடுவுக்குக் கொண்டுவந்தார். ரசிகர் கேட்டவற்றில் எதையும் அவர் கொடுக்கவில்லை என்றே சொல்லலாம், அந்த ஓர் ஆட்டத்தைத் தவிர.

8.2 சதவீதம் என்பது அடுத்து வந்த எண். முதல் 2 நாளில் ஜப்பானில் சுமார் 129 கோடி யென். 2023 ஆகஸ்ட் 31இல் திரையிடல் முடிந்தபோது 1,570 கோடி யென்னுக்கு மேல். மொத்தத்தில் 91.8 சதவீதம் முதல் வாரக்கடைசிக்குப் பிறகு வந்தது. 'ஆஸ்ட்ரோ பாய்' அமெரிக்காவில் முதல் 3 நாளில் எடுத்தது மொத்தத்தில் 34.3 சதவீதம். முதல் நாட்களின் வசூல் எதிர்பார்ப்பின் அளவு. பின்னால் வருவது பார்த்தவர் வாயிலிருந்து வருவது. ஒன்று முன்பணம், மற்றொன்று நிலுவை. இரு நாட்டுத் திரையிடல் வழக்கமும் வேறு என்பதால் இந்த ஒப்பீட்டை இதற்கு மேல் இழுக்கக் கூடாது.

மக்கள்தொகையால் வகுத்தாலும் இடைவெளி பெரிது. 'ஆஸ்ட்ரோ பாய்' அமெரிக்காவில் சுமார் 26 லட்சம் சீட்டுகள், 30.7 கோடிப் பேருக்கு: 0.85 சதவீதம். 'ஸ்லாம் டங்க்' ஜப்பானில் சுமார் 1.08 கோடி சீட்டுகள், 12.5 கோடிப் பேருக்கு: 8.6 சதவீதம். எல்லிங்ஸ்ருட் அடங்கிய ஆல்னா மாவட்டத்தில் ஏறத்தாழ 50,000 பேர். இந்த விகிதங்களை இங்கே வைத்துப் பார்த்தால் முதலாவதற்கு 425 பேர், இரண்டாவதற்கு 4,300 பேர். முன்னது ஃபூருசெட் நிலையத்தில் ஒரு காலை நேரக் கூட்டம். பின்னதற்கு ஒரு விளையாட்டரங்கு வேண்டும். சீட்டும் ஆளும் ஒன்றல்ல, ஒரே ரசிகர் ஐந்து முறை பார்த்திருக்கலாம் என்ற எச்சரிக்கை இரண்டாவதற்கே அதிகம் பொருந்தும்.

நோர்வேக்கும் இந்தப் பேரேட்டில் ஒரு பக்கம் உண்டு. அல்ஃப் பிரைசன் எழுதிய, தேக்கரண்டி அளவுக்குச் சுருங்கிவிடும் கிழவியை ஜப்பானின் என்.எச்.கே. 1983–1984இல் 130 குறும்பகுதிகளாக அனிமேயாக்கியது. நோர்வேஜியக் கிழவி ஒருத்தி ஜப்பானியம் பேசினாள். தமிழ்ப் பக்கத்தில் ஒரு வரவு: 2025 செப்டம்பர் 12இல் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' இந்தியத் திரையரங்குகளில் தமிழ்க் குரலோடும் வந்தது, 155 நிமிடம். நோர்வேயின் சுமார் 56 லட்சம் மக்களில் தமிழர் 15,000ஐத் தாண்டுவர் என்று கொண்டால் 0.27 சதவீதம். இந்த அளவுக்கு யாரும் தனியாகக் குரல் சேர்க்க மாட்டார்கள். இந்தியாவில் சேர்த்தது இங்கே வந்து சேரும்வரை பார்த்திருக்க வேண்டியதுதான்.

மேலே எடுத்தவை ஐந்து ஜப்பானியத் தொடர்களின் படங்களும், இடைக்கிடை ஒட்டிய சில ஒப்பீடுகளும். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் விதி எதுவும் எழுத முடியாது. இனோயுவே போல மூலப் படைப்பாளியே இயக்கும் வாய்ப்பு தெசுகாவுக்குக் கிடைத்திருக்காது. அவர் 1989இலேயே இறந்துவிட்டார். பணத்தின் மதிப்பும் சீட்டு விலையும் ஆண்டுக்கு ஆண்டு மாறின. மூலத்தைச் சுருக்காத இரண்டும் வென்றன, சுருக்கியதும் புதுக்கதை எழுதியவையும் தடுமாறின என்பது வரை மட்டும் எண்கள் தாங்கும்.

என் மருமகன் இந்தக் கணக்கில் அடங்காதவன். படத்தை முதலில் பார்த்தான். பிறகுதான் தொடரைத் தொடங்கினான். அவன் பேரேட்டில் 124 நிமிடம் மேலேயும் 2,222 நிமிடம் கீழேயும் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை 62ஆம் பகுதி முடிந்திருந்தது. மிச்சம் 39 பயணம், 19.5 வேலைநாள். ரயில் ஹெல்லருட் நிலையத்தைத் தாண்டும்போது ஒரு காதிலிருந்து காதொலிப்பானை எடுத்துவிட்டுக் கேட்டான்: "மாமா, அந்த சன்னோ மட்ச் எத்தினையாவது எபிசோட்டில வரும்?"

நிலையங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பிரின்செங் வந்துவிட்டது, இன்னும் 5 நிறுத்தம் இருந்தது. "பார்த்துக்கொண்டு போ" என்று மட்டும் சொன்னேன்.